விண்டோஸ் 11-க்கு மாறியதும் வைஃபை போனால் செய்யக்கூடாதவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து நாலைந்து வருடப் பழைய லேப்டாப்களில் 11-ஐ ஏற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஏற்றி முடித்த கையோடு, "வைஃபை வரவே மாட்டேங்குது" என்ற புலம்பலும் கிளம்பிவிடுகிறது.

இப்படிப் பழுதுபார்க்க வரும் லேப்டாப்களில் பலவற்றில் அப்கிரேடு செய்த கெடுதல் சின்னதுதான். அதைச் சரிசெய்கிறேன் என்று முதல் அரைமணி நேரத்தில் செய்யப்பட்ட வேலைதான் பெரிய கெடுதல். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் அதே இடத்தில்தான் போய் விழுகிறார்கள். ஏரோபிளேன் மோடை அணைப்பது, பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த வகைக் கோளாறு என்று பார்க்காமலே கைவைப்பது

"வைஃபை வேலை செய்யவில்லை" என்பதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன.

வைஃபை பொத்தானையே காணோம் என்பது முதல் வகை. டாஸ்க்பாரில் இருக்கும் நெட்வொர்க் சின்னத்தைத் தட்டினால் ஏரோபிளேன் மோடு தெரியும், புளூடூத் தெரியும், வைஃபை இருக்காது. இது பெரும்பாலும் டிரைவர் (வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கோளாறு, சில சமயம் கார்டே கோளாறு. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் பிராப்பர்ட்டீஸில் ஒரு எண் இருக்கும். கோடு (Code) 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. கோடு 10 என்றால் கார்டு இயங்கத் தொடங்கவில்லை; டிரைவர் பொருந்தாமல் போவது இதற்கு வழக்கமான காரணம். கோடு 22 என்றால் யாரோ டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் போதும்.

இரண்டாவது, பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களெல்லாம் தெரிகிறது, நம்முடையது மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் இணைய மறுக்கிறது. இங்கே கார்டு உயிரோடுதான் இருக்கிறது. ரவுட்டர் டபிள்யூபிஏ3 (பழைய கார்டுகள் சிலவற்றுக்குப் புரியாத புதிய பாதுகாப்பு முறை) மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கிறதா, 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்புகிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பழைய லேப்டாப் கார்டுகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிப்பவை.

மூன்றாவது, இணைந்துவிட்டது, இன்டர்நெட் இல்லை. வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். முகவரி சரியாக இருந்தால், யாராவது எப்போதோ கையால் போட்டுவைத்த டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை), பழைய பிராக்ஸி, விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு கணினி வழியாகத் திருப்பிவிடுபவை) ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். இணையத்தில் எல்லாரும் ஒட்டச் சொல்லும் 'வின்சாக் ரீசெட்' (விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும்) கட்டளைக்கு ஏதாவது பலன் உண்டென்றால் அது இந்த மூன்றாவது வகையில்தான். முதல் வகைக் கோளாறுக்கு அதை எத்தனை தடவை ஓட்டினாலும் பைசா பிரயோஜனம் கிடையாது.

டிரைவரை அழித்துவிட்டு டிரைவரைத் தேடுவது

இன்னமும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான்.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்தால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். அதில் ஒரே ஒரு டிக் கட்டம்: 'அட்டெம்ப்ட் டு ரிமூவ் த டிரைவர் ஃபார் திஸ் டிவைஸ்'. கட்டத்தைக் காலியாக விட்டு அன்இன்ஸ்டால் செய்தால் ஆபத்தில்லை. கார்டைப் பற்றிய பதிவு மட்டும் போகும், டிரைவர் பொதி, டிரைவர்ஸ்டோர் என்ற விண்டோஸின் டிரைவர் கிடங்குக்குள் அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸ் கார்டைக் கண்டுபிடித்து அதே டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். டிக் போட்டால் கதையே வேறு. டிரைவர் பொதியே அழிந்துவிடும். அந்தக் கார்டுக்கு விண்டோஸோடு கூடவே வரும் பொது டிரைவர் இருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் வைஃபை மொத்தமாகப் போய்விடும். புது டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும்.

மெல்லிய லேப்டாப்களில் லேன் போர்ட்டே கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கு அலுவலகத்தில் மாதத்தின் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி தாக்கலின் கடைசி நாள். வைஃபை விட்டு விட்டு வந்துகொண்டிருந்த லேப்டாப்பில், ஏதோ வீடியோவைப் பார்த்து அந்த டிக்கைப் போட்டுவிட்டார் ஊழியர். விட்டு விட்டாவது வந்த வைஃபை அதோடு நின்றது. சாயங்காலம் வரை அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அவர் சட்டைப் பையிலேயே ஒரு ஆண்ட்ராய்டு போன் இருந்தது. பத்து நிமிட வேலை அது.

எப்படி என்றால், போனையும் லேப்டாப்பையும் டேட்டா கேபிளால் இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் உதவாது. போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் என்ற இடத்தில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். கேபிள் சரியாக இணைந்த பிறகுதான் அந்தப் பொத்தான் இயங்கும். இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, ஆகவே லேப்டாப் அந்தப் போனை ஒரு ஈதர்நெட் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான போன்களில் மொபைல் டேட்டாதான் போகவேண்டும் என்றும் இல்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கேபிள் வழியாகக் கொடுக்கும். ஐபோனுக்கு ஆப்பிளின் சொந்த டிரைவர் தேவைப்படும், அதனால் அவசரத்துக்கு ஆண்ட்ராய்டே நல்லது. விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது "நெட்வொர்க்கில் இணையுங்கள்" என்ற திரையில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கும் இதே கேபிள்தான் வழி.

இணையம் வந்ததும் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போய் டிரைவர் அப்டேட்ஸ் பகுதியைப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். விண்டோஸ் 11-க்கான டிரைவர் அந்தப் பட்டியலில் இல்லையே என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவரை எடுங்கள், பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும்.

கார்டு எந்தக் கம்பெனி என்றே தெரியவில்லையா? டிவைஸ் மேனேஜரில் அதர் டிவைசஸ் என்பதன்கீழ் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று பெயரில்லாமல் கிடக்கும். பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் தாவலுக்குப் போய் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' (VEN) என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள் கம்பெனியைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 168சி குவால்காம் அதெராஸ், 14சி3 மீடியாடெக், 14இ4 பிராட்காம்.

இன்டர்நெட்டே இல்லாமல் மீளவும் ஒரு வழி உண்டு, பலருக்கும் இது தெரிவதில்லை. அப்கிரேடு செய்யும்போது பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குப் போகிறது. அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெபாசிட்டரி என்று இறங்கினால், நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய டிரைவர் அங்கேயே இருக்கும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் வலது கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர். அந்த ஃபைல்ரெபாசிட்டரி ஃபோல்டரைக் காட்டி, 'இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்' டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். விண்டோஸே துழாவி எடுத்துக்கொள்ளும்.

இந்த ஃபோல்டரை விண்டோஸ் வழக்கமாக 10 நாள்தான் வைத்திருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி பகுதியில் உள்ள 'கோ பேக்' பொத்தானுக்கும் அதே 10 நாள்தான் ஆயுள், அது நம்பியிருப்பதும் இதே ஃபோல்டரைத்தான். "சி டிரைவ் சிவப்பாகிவிட்டது" என்று அப்கிரேடு முடிந்த அன்றே டிஸ்க் கிளீனப்பை ஓட்டி இதை அழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. இடம் போதவில்லையென்றால் ஃபைல்ரெபாசிட்டரியை மட்டும் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு அழியுங்கள். சில ஜிபி வரும், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த டிக்கை எப்போது போடலாம்? புதிதாக வந்த டிரைவர்தான் தொல்லை என்று உறுதியாகத் தெரிந்து, அதற்கு மாற்றான டிரைவர் ஏற்கெனவே டி டிரைவிலோ பென்டிரைவிலோ இருக்கும்போது. அதற்கும் முன்னால் ரோல் பேக் டிரைவர் பொத்தானை முயலுங்கள். அது மங்கலாக இருந்தால், அப்டேட் டிரைவருக்குள் 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் வழியில் போய், கணினியில் ஏற்கெனவே இருக்கும் பழைய பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரொம்பவும் பழசுக்கும் போய்விடாதீர்கள். இன்டெல் கார்டுகளின் பழைய டிரைவர்கள் சிலவற்றுக்கு வைஃபை 6 ரவுட்டரின் பெயரே கண்ணில் படாது.

நெட்வொர்க் ரீசெட்டை முதல் வேலையாகச் செய்வது

ஒரே பொத்தான் என்பதால் எல்லாரும் இதற்குத்தான் ஓடுகிறார்கள். இது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுகிறது. சேமித்துவைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், கையால் போட்ட ஐபி, டிஎன்எஸ் போகும், விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டிவரலாம். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று மாறிவிடலாம்; பகிர்ந்துவைத்த பிரிண்டரும் ஃபோல்டரும் காணாமல் போனால் இதுதான் காரணம், பிரைவேட் என்று மாற்றினால் திரும்ப வரும். மற்ற எல்லாம் பார்த்த பிறகு, பாஸ்வேர்டுகளை எழுதிவைத்துக்கொண்டு, கடைசியாகச் செய்யவேண்டியது.

ஷட் டவுன் செய்தாயிற்றே என்று நம்புவது

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருக்கும் கணினியில் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான்; டிரைவர்கள் புதிதாக ஏறுவதில்லை. ரீஸ்டார்ட் கொடுங்கள். அதற்கும் கார்டு தெரியவில்லையென்றால், ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். கோடு 10 காட்டி அடம்பிடிக்கும் கார்டுகள் சில இதிலேயே எழுந்துவிடும்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள்

வேண்டாம்.

பழைய விபிஎன், ஆன்ட்டிவைரஸை மறந்துவிடுவது

இவை நெட்வொர்க் பாதையின் நடுவில் தங்கள் வடிகட்டி டிரைவரைச் செருகிவைக்கின்றன. 2015-இல் விண்டோஸ் 8.1-இலிருந்து 10-க்கு வந்தவர்களில் பலருக்கு ஒரு வைஃபை பெயர்கூடத் தெரியாமல் போனதற்கு, பழைய விபிஎன் மென்பொருள் விட்டுவைத்த இப்படியொரு வடிகட்டிதான் காரணம் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. டிரைவர் சரியாக இருந்தும் பெயர்கள் வரவில்லை, அல்லது இணைந்தும் நெட் இல்லை என்றால், இவற்றை 'டிசேபிள்' செய்வது போதாது. முழுவதும் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தபின் பாருங்கள்.

கல்லூரி, ஆபீஸ் வைஃபைக்கு வீட்டு வைத்தியம் பார்ப்பது

வீட்டில் வருகிறது, கல்லூரியில் மட்டும் வரவில்லை என்றால் உங்கள் டிரைவரைத் தொடவே தொடாதீர்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் கிரெடென்ஷியல் கார்டு (Credential Guard) என்ற, பாஸ்வேர்டுகளைக் காக்கும் பாதுகாப்பு, தகுதியுள்ள கணினிகளில் தானாகவே ஆன் ஆகிறது. எம்எஸ்சாப்வி2 என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையில் இயங்கும் வைஃபைகளில், லேப்டாப்பில் நுழைந்த பாஸ்வேர்டைக் கொண்டே தானாக இணையும் வசதி இதனால் நின்றுபோகும். 2023 டிசம்பரில் வந்த ஒரு அப்டேட்டாலேயே இத்தகைய நிறுவன வைஃபைகள் சிலருக்கு இணையாமல் போய், மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. உங்கள் நெட்வொர்க் நிர்வாகியிடம் பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அடிக்கடி துண்டிக்கப்பட்டால் ரவுட்டரைத் திட்டுவது

கார்டின் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் தாவல் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

கார்டு வாங்க அவசரப்படுவது

வைஃபை கார்டை லேப்டாப்பின் பயாஸிலும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரை) காட்டவில்லை, டிவைஸ் மேனேஜரிலும் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லியும் மங்கலாகத்தான் தெரிகிறது என்றால், கார்டோ அதன் ஸ்லாட்டோ போயிருக்கலாம். மாற்றுவதற்கு முன் பழைய கார்டின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் சிஎன்வி வகை, அதாவது கார்டின் வேலையில் ஒரு பகுதியைப் பிராசசர் பக்கமே செய்யும் வகை. அதற்கு ஒத்துப்போகும் இன்டெல் பிராசசர் உள்ள லேப்டாப்பில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்பிலோ பழைய இன்டெல் லேப்டாப்பிலோ செருகினால் பொருந்தும், இயங்காது. அவற்றுக்கு ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள், அளவு எம்.2 2230. இன்னும் பழைய லேப்டாப்களில் மினி பிசிஐஇ ஸ்லாட் இருக்கும், அதில் இவை நுழையவே நுழையாது. சில பழைய எச்பி, லெனோவோ மாடல்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் ஆன் ஆகவே மறுக்கும். அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு யுஎஸ்பி டாங்கிள்தான் (யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவி) சரி. அதிலும் விண்டோஸ் 11-க்கான டிரைவர் உண்டா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் டாங்கிள்களும் கிடைக்கின்றன. செருகியதும் சிடி டிரைவ் போல ஒன்று தெரியும், அதைத் திறந்து நிறுவிக்கொள்ளலாம்.