கப்பற்காரர் முகாமுக்குப் பெட்டி, பலகை, அடுப்பு: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு

கடல்சார் வரலாற்று மறுநடிப்பில், அதாவது பழங்கால மாலுமிகளைப் போல உடுத்தி முகாம் போட்டு வாழ்ந்து காட்டுவதில் (ரீஎனாக்ட்மென்ட் என்றே பலரும் சொல்கிறார்கள்), புதிதாக இறங்குபவர்கள் உடையை எப்படியோ தேற்றிவிடுவார்கள். தொப்பி, கட்டம் போட்ட சட்டை, தொளதொள கால்சட்டை எல்லாம் கச்சிதமாக இருக்கும். கூடாரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் அலுமினிய மடக்கு நாற்காலியும் எனாமல் குவளையும் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குப் பதிலாக அந்தக் காலத்துக்கு ஒத்த சாமான்களைத் தேடிப் பிடிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அந்தக் காலத்தில் இது இருந்ததா?" என்ற கேள்வி பாதி வேலைதான் செய்யும். கூடவே "இதைப் படகில் ஏற்றி, துடுப்புப் போட்டுக் கரைக்குக் கொண்டுவர யாராவது மெனக்கெட்டிருப்பார்களா?" என்றும் கேளுங்கள். தரைப்படை முகாமுக்கும் கப்பற்காரர் முகாமுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கேள்வியில் வந்துவிடும்.

படி 1: ஆண்டு, கடல், ஆள்

"கடற்கொள்ளையர் காலம்" என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தால் கடையில் கண்டதெல்லாம் சரியாகத்தான் தெரியும். 1717, அட்லாண்டிக், கொள்ளைக் கப்பல் மாலுமி என்றோ, 1805, பிரிட்டிஷ் கடற்படை, துணை அதிகாரி என்றோ ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரி கையில் இருந்தால் பாதிச் சாமான் தானாகக் கழிந்துவிடும். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை ஜான் வாக்கர் விற்க ஆரம்பித்தது 1827-இல். அதற்கு முந்தைய முகாம் என்றால் சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும்தான். டின்னில் அடைத்த உணவுக்கு பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கியது 1810. இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை 1837. ஆகவே பளபளக்கும் கால்வனைஸ் வாளி, 1805-இல் இறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் காலத்து முகாமில் இருக்க முடியாது. தலையில் பிளஸ் குறி போட்ட ஸ்குரூ 1930-களின் சரக்கு.

படி 2: உங்கள் ஆட்கள் ஏன் கரையில் இருக்கிறார்கள்?

மாலுமிக்கு வீடு கப்பல்தான். கரையில் தங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எவ்வளவு சாமான் நியாயம் என்பதையும் அந்தக் காரணமே சொல்லிவிடும்.

தண்ணீர் பிடிக்கவும் விறகு வெட்டவும் இறங்கிய கோஷ்டி என்றால் காலிப் பீப்பாய்கள், கோடரி, ஒரு கெட்டில் (தீயின் மேல் தொங்கவிட்டுச் சமைக்கும் பாத்திரம்), துடுப்பின் மேல் விரித்த பழைய பாய்த்துணி. மேசை நாற்காலிக்கு அங்கே வேலையே இல்லை.

கப்பலைக் கரையேற்றிச் சாய்த்து, அடிப்பாகத்துப் பாசியையும் சிப்பியையும் சுரண்டும் வேலை என்றால் கதை வேறு. எடையைக் குறைக்க பீரங்கி, பீப்பாய், பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துவிடும். ஜேம்ஸ் குக்கின் எண்டவர் கப்பல் 1770 ஜூனில் ஆஸ்திரேலியக் கரையோரப் பவளப்பாறையில் மோதி, பழுது பார்க்க ஒரு ஆற்று முகத்துவாரத்தில் ஏறக்குறைய ஏழு வாரம் நின்றது. நோயாளிகளுக்கும் சரக்குக்கும் கரையில் கூடாரம் போட்டார்கள். கொல்லன் உலையும் இறங்கியது. மேசையும் பெட்டியும் போட்டு உட்கார ஆசைப்படும் புதுக் குழுவுக்கு இதைவிட வசதியான காட்சி கிடைக்காது.

இன்னும் பழையது வேண்டுமானால் வில்லெம் பாரென்ட்ஸின் டச்சுக்காரர்கள் இருக்கிறார்கள். 1596-97 குளிர்காலத்தில் ஆர்க்டிக் தீவான நோவாயா சேம்ல்யாவில் பனியில் மாட்டிக்கொண்டு, மரவீடு கட்டித் தங்கினார்கள். அந்த வீட்டின் மிச்சத்தை 1871-இல் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த சமையல் பாத்திரம் உட்பட பல பொருட்களை ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் வைத்திருக்கிறது.

படி 3: ஆதாரம் தேடுங்கள்

மூழ்கிய கப்பல்களைவிட நல்ல ஆதாரம் கிடையாது. 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறது. மரக் கிண்ணம், தட்டு, பெட்டி, செங்கல் அடுப்பு, அண்டா எல்லாம் அதில் கிடைத்தன. 1628-இன் வாசா ஸ்டாக்ஹோமில். அதில் கிடைத்த ஒரு மாலுமியின் பெட்டிக்குள் ஃபெல்ட் தொப்பி உட்பட ஒருவனுடைய சொந்தச் சாமான்கள் அப்படியே இருந்தன. கொள்ளையர் காலத்துக்கு 1717-இல் உடைந்த விடா, 1718-இல் தரைதட்டிய குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச். 18-ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் என்றால் 1758-இல் மூழ்கிய இன்வின்சிபிள். அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. அளவு கொடுத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தச்சரிடம் பேசும்போது உதவும்.

அடுத்தது, உடன் இருந்தவர்கள் வரைந்த படங்கள். கேப்ரியல் பிரே என்ற கடற்படை அதிகாரி 1774-75-இல் பல்லாஸ் கப்பலில் இருந்தபடி வரைந்த நீர்வண்ணப் படங்கள் லண்டன் கிரீனிச்சின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுருட்டிய ஹேமக்கை (தொங்கு படுக்கை) தூக்கி வரும் மாலுமி, சும்மா நிற்கிற ஆள் என்று அன்றாடம் நடந்ததை வரைந்திருக்கிறார். மூன்றாவது, எழுத்து. இறந்த மாலுமியின் சாமான்களைப் பாய்மரத்தடியில் ஏலம் விடுவது வழக்கம்; அப்படிப்பட்ட பட்டியல்களைப் படித்தால் ஒருவன் எவ்வளவு குறைவாக வைத்திருந்தான் என்று தெரியும்.

பக்கத்துக் குழு வைத்திருப்பது ஆதாரம் ஆகாது. ஒரு பலகையை இன்னொன்றின் துளையில் செருகி உட்காரும் இரட்டைப் பலகை நாற்காலியை "வைக்கிங் நாற்காலி" என்று சொல்லி எல்லா நிகழ்ச்சியிலும் போடுகிறார்கள். தூக்க வசதி, செய்ய எளிது, அதனால் பரவிவிட்டது. வைக்கிங் அகழாய்வில் அப்படி ஒன்று வந்ததில்லை. தோல் இருக்கை போட்ட ரூர்க்கி நாற்காலியும் இப்படித்தான்: பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவத்தில் வந்தது.

படி 4: பெட்டி

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் பெட்டியை வாங்குங்கள். உட்காரலாம், சாப்பிடலாம், சீட்டாடலாம், ராத்திரி எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டலாம்.

மாலுமிப் பெட்டி என்றதும் நினைவுக்கு வரும் உருவம், அடி அகலமாக, மேலே போகப் போகக் குறுகும் பெட்டி. கப்பல் ஆடும்போது அது கவிழாமல் நிற்கும். இந்தச் சாய்வுப் பெட்டிகள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதிகம். அதற்கு முந்தைய காலத்துக்கு நேர்ப்பக்கம் கொண்ட, ஆறு பலகையை ஆணியடித்துச் செய்த சாதாரணப் பெட்டியே போதும், விலையும் குறைவு.

பழைய சாமான் கடையில் பைன் மரப் போர்வைப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டால் உடனே விலை கேட்காதீர்கள். மூடியைத் திறந்து அடிப்பலகையைப் பாருங்கள். பிளைவுட் என்றால் அதை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூலையில் பலகைகள் விரல் கோத்த மாதிரி டவ்டெயில் ஜாயின்ட்டில் இணைந்திருந்தால் நல்லது. வெறும் ஆணி என்றாலும் சரிதான். கீலில் பிளஸ் ஸ்குரூ இருந்தால் கவலை வேண்டாம், ஒற்றைக் காடி ஸ்குரூவாக மாற்றிவிடலாம். சக்கரம், மெத்தை வைத்துத் தைத்த மூடி, மூடியைத் தாங்கும் மெல்லிய பித்தளைச் சங்கிலி இருந்தால் கழற்றிவிடுங்கள். கண்ணாடி மாதிரி மின்னும் வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயின்ட் அடியுங்கள்.

கைப்பிடியில்தான் கப்பற்காரன் பெட்டி தனியாகத் தெரியும். பக்கத்துக்கு ஒரு மரக்கட்டையை அறைந்து, அதில் துளை போட்டுக் கயிற்று வளையம் கோத்திருப்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கயிற்றில் முடிச்சு வேலை செய்து அழகுபார்ப்பது மாலுமிகளின் பொழுதுபோக்கு. சணல்வகைக் கயிறான ஹெம்ப் எந்தக் காலத்துக்கும் ஒத்துவரும். மணிலாக் கயிறு மேற்கத்தியக் கப்பல்களில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

ஒரு எச்சரிக்கை: போர்க்கப்பலில் ஆளுக்கொரு பெட்டி வைக்க இடம் கிடையாது. கடற்படைக் குழு என்றால் ஆறு பேருக்கு ஒரு பெட்டியும் ஆளுக்கொரு துணிப்பையும் போதும். வணிகக் கப்பல், திமிங்கில வேட்டைக் கப்பல் என்றால் தாராளமாக ஆளுக்கொன்று வையுங்கள். அப்புறம், நிஜமாகவே பழங்காலப் பெட்டி கிடைத்தால் அதை வீட்டில் வையுங்கள். மழையிலும் சேற்றிலும் போட்டு இழுக்க நகல் பெட்டி இருக்கிறது.

படி 5: மற்ற மரச் சாமான்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. போர்க்கப்பலில் மாலுமிகளின் மேசை, பீரங்கிகளுக்கு நடுவே மேல்தளத்து உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் பலகை. கரையில் அதே பலகையை இரண்டு பீப்பாய் மேல் போட்டால் மேசை. அதிகாரி வேடம் என்றால் எக்ஸ் வடிவ மடக்கு முக்காலியும் மடக்கு மேசையும் வைக்கலாம். அந்த முக்காலி ரோமானியர் காலத்துக்கும் முந்தையது, எந்த ஆண்டுக்கும் பொருந்தும்.

பீப்பாயில் கவனம் தேவை. சுலபமாகக் கிடைப்பது 200 லிட்டர் விஸ்கிப் பீப்பாய். காலியாகவே 40, 50 கிலோ இருக்கும், உட்கார முடியாத உயரம், உள்ளே கரியாக்கியிருப்பதால் தொட்டவர் கையெல்லாம் கறுப்பு. சின்னதாக இரண்டு வாங்குங்கள். பளபளக்கும் வளையங்களுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தால் கண்ணை உறுத்தாது.

படி 6: அடுப்புப் பெட்டி

பெரிய கப்பலில் அடுப்பு ஒரு கட்டுமானம்: மேரி ரோஸில் செங்கல், நெல்சனின் விக்டரி கப்பலில் பிரோடி என்பவரின் வார்ப்பிரும்பு அடுப்பு. இவற்றைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. நமக்கு வேண்டியது சின்னக் கலங்களில் இருந்த வகை, அதாவது மணலும் செங்கல்லும் நிரப்பிய மரப்பெட்டி, அதன் மேல் தீ. இன்றைக்கு நிகழ்ச்சி நடத்துபவர்கள் புல்தரையில் தீ மூட்ட விடமாட்டார்கள் என்பதால், வசதிக்கும் வரலாற்றுக்கும் ஒரே விடை.

60 செ.மீ. நீளம், 45 அகலம், 25 ஆழம் என்று கனமான பலகையில் பெட்டி செய்யுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்த அடியில் இரண்டு கட்டை. உள்ளே சாதா இரும்புத் தகடு. கால்வனைஸ் தகடு கூடவே கூடாது, சூட்டில் வரும் துத்தநாகப் புகை ஆளைப் படுக்க வைத்துவிடும். அதன் மேல் 10 செ.மீ. காய்ந்த மணல், மணல் மேல் செங்கல் வரிசை, சுவரோரமும் செங்கல். ஆற்றங்கரைக் கல்லைப் போடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும்.

இந்த அளவுக்கு மணல் 27 லிட்டர் பிடிக்கும். எடை 40 கிலோவைத் தாண்டும். ஆகவே மணலைச் சாக்கில் தனியாக எடுத்துப் போய் அங்கே கொட்டுங்கள். முதல்முறை வீட்டு முற்றத்தில் இரண்டு மணி நேரம் எரித்து, நடுநடுவே அடிப்பலகையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் மணல் போதவில்லை. தீ அணைந்த பின்பும் சூடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், படுக்கப் போகும் முன் தணல் கங்குகளை அள்ளி வாளித் தண்ணீரில் போடுங்கள். கூடாரத்துக்குள் எரிக்கும் பேச்சே வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பாத்திரம் தொங்கவிட முறுக்குக் கம்பியில் கொக்கி கொக்கியாக விற்கும் இரும்புச் செட்டுகள் அழகுதான். படகில் வந்தவன் அதைத் தூக்கி வந்திருக்க மாட்டான். மூன்று கழியை உச்சியில் கயிற்றால் கட்டி, சங்கிலியில் கெட்டிலைத் தொங்கவிடுங்கள். கட்டு தீக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

படி 7: பாத்திரப் பெட்டி

கப்பலில் நான்கிலிருந்து எட்டுப் பேர் ஒரு சாப்பாட்டுக் குழு. அவர்களுக்கென்று இருந்தது கொஞ்சம்தான்: சமையற்காரரிடமிருந்து உணவு வாங்கி வரும் சின்ன மரத்தொட்டி, கிண்ணங்கள், கொம்பு அல்லது மரக் கரண்டி, ஆளுக்கொரு கத்தி, புட்டிங் வேகவைக்கும் துணி. கரை முகாமுக்கு ஒரு கெட்டிலும் அகப்பையும் சேர்த்துக்கொண்டால் பெட்டி நிறைந்துவிடும்.

1731-இன் பிரிட்டிஷ் கடற்படை விதிப்படி ஆளுக்குத் தினம் ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு காலன் பீர். வாரத்தில் நான்கு நாள் உப்பிட்ட இறைச்சி, மற்ற நாட்களுக்குப் பட்டாணி, ஓட்ஸ், வெண்ணெய், பாலாடைக்கட்டி. எல்லாம் அவிக்கிற சமையல். ஆகவே நான்கைந்து வாணலி வாங்கி அடுக்க வேண்டியதில்லை. (காலையில் முட்டை பொரிக்காமல் எழமாட்டோம் என்கிற தோழர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. பார்வையாளர்கள் வருவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.)

செம்புப் பாத்திரம் வாங்கினால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் புளிப்பான எதையும் சமைக்காதீர்கள். பழைய பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டில் காரீயம் இருக்கலாம் என்பதால் பார்வைக்கு மட்டும் வையுங்கள். புதிதாகச் செய்யும் பியூட்டரில் காரீயம் சேர்ப்பதில்லை, அதில் சாப்பிடலாம்.

படி 8: எங்கே வாங்குவது, எதை மறைப்பது

முதல் நிகழ்ச்சிக்குக் குழுவில் கடன் வாங்குங்கள். பிறகு பழைய சாமான் கடை, வீடு காலி செய்யும் விற்பனை. கிடைக்காததைத் தச்சரிடம் படத்தைக் காட்டிச் செய்யுங்கள். மறுநடிப்புச் சாமான் விற்பவர்களிடம் கடைசியாகப் போங்கள். பொருள் நன்றாக இருந்தாலும் "பைரேட்" என்று பெயர் வைத்தால் விலை ஏறிவிடுகிறது.

ஐஸ்பெட்டி ஒரு மரப்பெட்டிக்குள் சரியாக உட்காரும்படி அளவெடுத்து வாங்குங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்க் கேன் பாய்த்துணிக்குக் கீழே. மாத்திரையும் முதலுதவிப் பையும் பூட்டாத பெட்டியில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். தீயணைப்பு உருளையை மட்டும் எதற்குள்ளும் அடைக்காதீர்கள். அடுப்புக்கு இரண்டு எட்டில், பீப்பாய்க்குப் பின்னால், பார்வையாளர் நிற்கும் பக்கத்திலிருந்து தெரியாமல், சமைப்பவர் திரும்பினால் கைக்கு எட்டும்படி நிறுத்தி வையுங்கள்.