கெமுனிங் வளர்ப்போமா? எப்போ பூக்கும்னு கணக்கு வைக்கிறதும் சேத்து

குளிர் நாட்டுல வசந்தம் வந்தா லைலாக் பூக்குறத வீடியோல பாத்துட்டு ஆன்லைன்ல விதை தேடுறவங்க இருக்காங்க, அதுக்கு நல்ல குளிர்காலம் ஒண்ணு கழியணும், நம்ம மலேசியா கெடா மாநிலத்து பீடோங் வெயில்ல அது நடக்காது, காசு தான் போகும். நமக்கு கெமுனிங் தான் சரி. சின்ன வெள்ளைப் பூ, அஞ்சு இதழ், ராத்திரி ஆனா வாசம் ஜன்னல் தாண்டி உள்ள வரும். மலாய்க்காரங்களோட கிரிஸ் கத்திக்கு பிடி செதுக்குறாங்களே, அந்த மரம் தான் இது.

முதல்ல செடி. சிவப்பு பழத்துல இருந்து விதை எடுத்தும் போடலாம், ஆனா பூ பாக்க வருஷக்கணக்கா ஆகும், அதனால நர்சரில பதியம் போட்ட செடியானு கேட்டே வாங்குங்க.

அடுத்து இடம். அரை நாளாவது வெயில் படணும், நிழல்ல வச்சா இலை தான் பாத்துட்டு இருக்கணும். எலுமிச்சை பக்கத்துல வேண்டவே வேணாம், ரெண்டும் ஒரே குடும்பம், எலுமிச்சைக்கு பச்சையாக்க நோயைக் கொண்டு வர்ற சின்ன பூச்சி கெமுனிங் தளிர்லயும் குடியிருக்கும்.

செடி வர்ற பிளாஸ்டிக் பையை (பாலிபேக்) விட ரெண்டு மடங்கு அகலத்துக்கு குழி, மக்குன ஆட்டு எரு கலந்த மண்ணு. செம்மண்ணுல தண்ணி தேங்குச்சுன்னா கொஞ்சம் மேடாக்கி நடுங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் ஒழுங்கா தண்ணி ஊத்தணும்.

இனிமே தான் முக்கியமான விஷயம். நம்ம ஊர்ல வசந்தம் கிடையாது, செடிக்கு சிக்னல் குடுக்கறது வறட்சியும் மழையும் தான். கெடாவுல ஜனவரி, பிப்ரவரில வெயில் கொளுத்தும், பால்மரமெல்லாம் (ரப்பர் மரம்) இலை கொட்டும், அந்த சமயத்துல பாவம்னு தினமும் பைப்பை பிடிச்சு ஊத்துனா செடிக்கு ஒண்ணும் புரியாது, இலையா விட்டுட்டே இருக்கும். கொஞ்சம் காயட்டும். தொட்டில இருந்தா இலை லேசா தொங்குற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் அடி வரைக்கும் நனைய ஊத்துங்க. யூரியாவை அள்ளிப் போடாதீங்க, அதுவும் இலைக்கு தான் போகும்.

கணக்கு வைக்க பெருசா ஒண்ணும் வேணாம், சமையலறைல தொங்குற காலண்டர் போதும். ஒரு கிளைல துணி கட்டிக்கோங்க, எப்பவும் அதையே பாருங்க, வேற வேற கிளைய பாத்தா குழம்பிடும். வறட்சிக்கு அப்புறம் முதல் பெரிய மழை எந்த தேதி, நுனில குண்டூசி தலை மாதிரி பச்சை மொட்டு தெரிஞ்ச தேதி, மொட்டு வெளுத்த தேதி, முதல் பூ விரிஞ்ச தேதி, இவ்ளோ தான். விரியறத தவற விட்டுடாதீங்க, ரெண்டு மூணு நாள்ல எல்லாம் கொட்டி தரை வெள்ளையாயிடும். வருஷத்துல பல தடவை பூக்கும், ரெண்டு மூணு சுத்து எழுதினாலே மழைக்கும் பூவுக்கும் எத்தனை நாள் இடைவெளினு உங்க செடியே சொல்லிடும், அப்புறம் வீட்டு விசேஷத்துக்கு பூ இருக்குமானு ஓரளவு முன்னாடியே சொல்லலாம்.

வெட்டறது பூ கொட்டின உடனே. ரோட்டோரம் வேலியா வச்சிருக்கற கெமுனிங் பாதி பூக்கவே பூக்காது, ஏன்னா மொட்டு வர்றது கிளை நுனில, அத தான் மிஷின் வச்சு மாசாமாசம் சீவிடுறாங்க. மொட்டு தெரிஞ்சாச்சுன்னா கத்திரிய தூக்கி உள்ள வச்சிடுங்க.