கதிரியக்க மாசு கலந்த நீரைக் கவர்பொருள் கொண்டு தூய்மையாக்கும் முறை

ஒரு லிட்டர் நீரில் 1000 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) அளவுக்குச் சீசியம்-137 கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 பெக்கரல் என்பதால், இந்த நீரின் மாசு அதைப்போல நூறு மடங்கு. ஆயினும் அதிலுள்ள கதிரியக்கச் சீசியத்தின் எடை ஒரு நானோகிராமில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே லிட்டரில் இயல்பாகவே கரைந்துள்ள பொட்டாசியம் 3 மில்லிகிராம் என்றாலும், அது சீசியத்தைப்போல ஏறத்தாழ ஒரு கோடி மடங்காகிவிடும்; சோடியமும் கால்சியமும் பெரும்பாலான நீரில் அதற்கும் மேல். இந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பதுதான் நம் முன்னுள்ள வேலை. ஆகவே ஒரு கவர்பொருள் (நீரில் கரைந்தவற்றைத் தன்னிடம் பிடித்துவைக்கும் திடப்பொருள்) எவ்வளவு பிடிக்கும் என்பதைவிட, எதைத் தேர்ந்து பிடிக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். கொள்திறன் மிகுந்திருந்தும் தேர்திறன் இல்லாத பொருள், சில மணி நேரத்திலேயே கால்சியத்தால் நிரம்பிப் பயனற்றுப் போகும்.

இவ்வழிகாட்டி நீர் சுத்திகரிப்புப் பணியில் இருப்போருக்கும் அத்துறை மாணவர்களுக்கும் உரியது. கதிரியக்கப் பொருளைக் கையாள்வதற்கு உரிமம் பெற்ற ஆய்வகமும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் மேற்பார்வையும் இன்றியமையாதவை. வீட்டில் செய்து பார்க்கக்கூடியது அன்று. நீரைக் கொதிக்க வைத்தால் மாசு போய்விடும் என்ற நம்பிக்கையும் தவறானது. கரைந்துள்ள உலோக அயனிகள் ஆவியாவதில்லை, நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவுதான் கூடும்.

முதலில் நீரை அறிதல்

எந்தக் கவர்பொருளையும் வாங்குவதற்கு முன் நீரின் முழுப் பகுப்பாய்வு கையில் இருக்க வேண்டும். எந்தக் கதிரியக்கத் தனிமம், எவ்வளவு, எந்த வேதி வடிவில் என்பவற்றோடு, பிஎச் மதிப்பு, கரைந்துள்ள மொத்த உப்பு, சோடியம், பொட்டாசியம், கால்சியம், பைகார்பனேட், இரும்பு, மாங்கனீசு, மிதக்கும் துகள்கள் ஆகியவையும் தெரிந்தாக வேண்டும். இவற்றுள் வேதி வடிவத்தைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். யுரேனியம் நேர்மின் அயனியாகவே இருக்கும் என்று எண்ணி நேரயனிப் பிசினை (நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் செயற்கை மணிகளை) நிரப்புவது இதனால் வரும் பிழை. பைகார்பனேட் உள்ள நிலத்தடி நீரில், பிஎச் 7-ஐ ஒட்டியும் அதற்கு மேலும், யுரேனியம் கார்பனேட்டுடன் இணைந்து எதிர்மின் அயனியாகிவிடுகிறது. அதைப் பிடிக்க வன்காரவகை எதிரயனிப் பிசின்தான் வேண்டும். (யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற அளவு, கதிர்வீச்சைக் கருதி வகுத்ததன்று, சிறுநீரகத்தைத் தாக்கும் அதன் வேதி நச்சுத்தன்மையைக் கருதி வகுத்தது.) அயோடினும் இத்தகையதே. அயோடைடு வடிவில் இருந்தால் வெள்ளி ஏற்றிய கரியோ, ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமமோ அதைப் பற்றிக்கொள்ளும். அயோடேட்டாக மாறியிருந்தால் அதே பொருள் பெரும்பாலும் கைவிட்டுவிடும்.

எந்தக் கவர்பொருளாலும் நீக்க முடியாத ஒன்றும் உண்டு. ட்ரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் ஐசோடோப்பு. அது நீரில் கரைந்திருப்பதில்லை, நீர் மூலக்கூறின் உறுப்பாகவே இருக்கிறது. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 62 வகைக் கதிரியக்க அணுக்களை நீக்கும்படி வடிவமைத்த சுத்திகரிப்பு அமைப்பாலும் ட்ரிட்டியத்தைத் தொட முடியவில்லை. அதனால்தான் 2023 ஆகஸ்டு முதல் அந்த நீரைக் கடல்நீரால் லிட்டருக்கு 1500 பெக்கரலுக்குக் கீழே நீர்க்கச் செய்து வெளியேற்றுகிறார்கள். ட்ரிட்டியத்தை நீக்கும் வடிகட்டி என்று எவரேனும் விற்க வந்தால், அதை நம்ப வேண்டியதில்லை.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

சீசியத்துக்கு ஜியோலைட்டுகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. கிளினோப்டிலோலைட், சாபசைட், மார்டனைட் ஆகியவற்றின் படிகச் சட்டகத்தில் உள்ள நுண்வழிகள், தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை எளிதில் உதறிவிடும் சீசியம் அயனிக்கு இடம் கொடுத்து, நீரை இறுகப் பற்றியிருக்கும் சோடியத்தைப் பெரும்பாலும் வெளியே நிறுத்துகின்றன. 1979-இல் விபத்துக்குள்ளான அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணு உலையின் நீரை ஜியோலைட் நிரப்பிய கலன்களில் செலுத்தித்தான் தூய்மையாக்கினார்கள். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணுசக்தி வளாகத்தில் 1985 முதல் கிளினோப்டிலோலைட் வேலை செய்கிறது. உப்பு குறைந்த நீருக்கு விலை மலிவான இந்த இயற்கைக் கனிமமே போதும் என்பது என் கருத்து.

உப்பு மிகுந்தால் நிலைமை மாறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியமும் அதைப்போல இருபத்தைந்து மடங்குக்கும் மேலான சோடியமும் இருப்பதால், ஜியோலைட் விரைவில் சோர்ந்துவிடும். அங்கே நீலச் சாயப்பொருளான பிரஷ்யன் நீலத்தின் வகையைச் சேர்ந்த ஹெக்சாசயனோஃபெரேட்டுகளும் படிகச் சிலிக்கோடைட்டனேட்டும் சிறந்து விளங்குகின்றன. ஹெக்சாசயனோஃபெரேட்டைப் பயன்படுத்துவோர் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். காரத்தன்மை மிகுந்த நீரில் அது சிதையும். மேலும் அது மிக நுண்ணிய தூளாக இருப்பதால், மணிகளிலோ இழைகளிலோ பதித்த வடிவில் வாங்காவிட்டால், பிடித்த சீசியத்தோடு தானும் வடிகட்டியைக் கடந்து வெளியேறும்; தூய்மையாக்கிய நீரில் நீலச் சாயல் தென்பட்டால் அமைப்பை உடனே நிறுத்துங்கள்.

ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தின் உறவு. சோடியம் டைட்டனேட், ஏ-வகை ஜியோலைட், ஹைட்ராக்சிஅபடைட் ஆகியவை அதற்கு உரியவை. டைட்டனேட் காரநீரில்தான் நன்றாக இயங்கும். கடல்நீரில் இயற்கையாகவே லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் கதிரியக்கமற்ற ஸ்ட்ரான்சியம் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டும் வேதியியலில் ஒன்றே என்பதால், எந்தக் கவர்பொருளாலும் அவற்றை வேறுபடுத்த இயலாது. கதிரியக்கமற்றதையும் சேர்த்துப் பிடிக்கும் அளவுக்குப் பொருளை நிரப்புவதன்றி வேறு வழியில்லை.

ரேடியத்துக்கு நீரேறிய மாங்கனீசு ஆக்சைடும் வன்அமிலவகை நேரயனிப் பிசினும் ஏற்றவை. ரேடான் வாயுவைச் செயலூட்டப்பட்ட கரி பிடிக்கும். ஆனால் ரேடான் சிதைந்து உண்டாகும் பொருள்கள் கரியிலேயே தங்கிக் காமாக் கதிர்களை வெளியிடுவதால், அளவு மிகுந்த நீருக்குக் காற்றூட்டலே நல்லது. இதே கரி சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் ஏறக்குறையப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கரி எல்லாவற்றையும் நீக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது.

குலுக்கல் சோதனை

பொருளைத் தேர்ந்தபின் சிறிய அளவில் சோதிக்க வேண்டும். ஒரு பாலிப்ரோப்பிலீன் குப்பியில் 50 மில்லிலிட்டர் நீரையும் 0.1 கிராம் கவர்பொருளையும் இட்டு, 24 மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, எஞ்சிய கதிரியக்கத்தை அளக்க வேண்டும். கவர்பொருள் இடாத இன்னொரு குப்பியையும் உடன் வைக்க வேண்டும். குப்பியின் சுவரிலும் வடிகட்டியிலும் ஒட்டிப் போவதைக் கவர்பொருளின் கணக்கில் எழுதிவிடாதிருக்க இது ஒன்றே வழி. சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தக் கூடாது. போட்டியிடும் அயனிகளே இல்லாத நீரில் எந்தப் பொருளும் அருமையாக வேலை செய்யும். அந்த முடிவு களத்துக்கு உதவாது.

முடிவைப் பங்கீட்டுக் கெழுவாக எழுதுவது நல்லது. நீங்கிய அளவை எஞ்சிய அளவால் வகுத்து, அதை நீரின் பருமனுக்கும் பொருளின் எடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். மேற்கண்ட சோதனையில் 1000 பெக்கரல் 10 ஆகக் குறைந்திருந்தால், 990-ஐ 10-ஆல் வகுக்க 99. அதை 500-ஆல் பெருக்க, கிராமுக்கு 49,500 மில்லிலிட்டர். வெறுமனே 99 விழுக்காடு நீங்கியது என்று எழுதுவதில் பொருளில்லை. எவ்வளவு நீருக்கு எவ்வளவு பொருள் இட்டோம் என்பதை அது மறைத்துவிடுகிறது.

இந்தக் கெழு இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. கெழு 10,000 உள்ள பொருளில் ஒரு கிராமை ஒரு லிட்டர் நீரில் ஒரே தடவையாக இட்டால், பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 9 விழுக்காடு மாசு எஞ்சும். அதே ஒரு கிராமை இரண்டு அரைக் கிராமாகப் பிரித்து, முதல் பாதியை இட்டு வடித்தபின் இரண்டாம் பாதியை இட்டால், எஞ்சுவது முப்பத்தாறில் ஒரு பங்கு, 3 விழுக்காட்டுக்கும் குறைவு. கவர்பொருளை நெட்டுக்குழாயில் தூண் வடிவில் நிரப்புவது ஏன் தொட்டியில் கலக்குவதைவிட மேலானது என்பதற்கான காரணமும் இதுவே: தூணில் நீர் ஒவ்வோர் அடுக்காகப் புதிய பொருளைச் சந்தித்துக்கொண்டே இறங்குகிறது.

உரிமம் இல்லாத கல்லூரி ஆய்வகங்கள் கதிரியக்கமற்ற சீசியத்தைக் கொண்டு பயிலலாம். ஆனால் மில்லிகிராம் அளவில் சீசியத்தைக் கரைத்துச் சோதிக்கும்போது, பொருளின் மிகச் சிறந்த பிடிப்பிடங்கள் நிரம்பிவிடுவதால் கெழு குறைவாகத் தெரியும். எனவே இயன்ற மட்டும் தாழ்ந்த செறிவுகளில் பல சோதனைகளைச் செய்து, அளவு குறையக் குறையக் கெழு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

தூணை அமைத்து இயக்குதல்

தூணின் உள்விட்டம் கவர்பொருள் மணியின் விட்டத்தைப்போல இருபது மடங்குக்குக் குறையாமல் இருந்தால், நீர் சுவரோரமாக நழுவிச் செல்வது குறையும். மணிகளை முன்னாளே நீரில் ஊறவைத்துக் காற்றை வெளியேற்றி, நீர் நிறைந்த தூணில் சிறிது சிறிதாகக் கொட்டி நிரப்ப வேண்டும். பின்னர் கீழிருந்து மேலாக நீரைச் செலுத்தித் தூளை அலசி வெளியேற்ற வேண்டும். தூணுக்கு முன்னால் 5 மைக்ரான் வடிகட்டி ஒன்று இருப்பது கட்டாயம். கரைந்த இரும்பையும் மாங்கனீசையும் முன்னதாகவே நீக்காவிட்டால், அவை மணிகளின்மேல் படலமாகப் படிந்து நுண்துளைகளை அடைத்துவிடும். எண்ணெய் கலந்த நீருக்கும் இது பொருந்தும்.

பாய்ச்சல் வேகத்தைத் தொடுநேரமே, அதாவது கவர்பொருள் படுகையைக் கடக்க நீருக்குக் கிடைக்கும் நேரமே, தீர்மானிக்கிறது. 10 லிட்டர் படுகையில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் பாய்ந்தால் தொடுநேரம் 10 நிமிடம். இதுபோன்ற ஒரு நிலையில் தொடங்கி, வேகத்தை மாற்றி மாற்றி, பிடிபடாத மாசு தூணைக் கடந்து வெளிவரும் கசிவு எப்போது தொடங்குகிறது என்று குறிக்க வேண்டும். ஒற்றைத் தூணை நம்பக் கூடாது. இரண்டைத் தொடராக இணைத்து, இரண்டுக்கும் இடையிலும் மாதிரி எடுக்கும் குழாய் வைக்க வேண்டும். முதல் தூணிலிருந்து கசிவு தென்பட்டதும் அதைக் கழற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் சேர்த்தால், முதல் தூணின் கொள்திறன் முழுவதும் பயன்படும். வெளியேறும் நீரும் பாதுகாப்பாக இருக்கும்.

அளவீட்டில் ஒரு பொறி

சீசியம்-137-ஐக் காட்டிக்கொடுக்கும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர், உண்மையில் அதன் சிதைவில் பிறக்கும் பேரியம்-137எம் என்னும் அணுவிலிருந்து வருவது. பேரியத்தைச் சீசியக் கவர்பொருள் அதே இறுக்கத்தோடு பிடிப்பதில்லை என்பதால், மாசேறிய தூணிலிருந்து அது நீரோடு வெளியே வரக்கூடும். அந்த நீரை உடனே அளந்தால், சீசியமே கசிந்துவிட்டது போலத் தோன்றும். பேரியத்தின் அரை ஆயுட்காலம் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) சுமார் இரண்டரை நிமிடமே; மாதிரியை அரை மணி நேரம் வைத்திருந்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஸ்ட்ரான்சியம்-90-க்கு இந்தக் காத்திருப்பு நீண்டது. அதன் வழியில் பிறக்கும் இட்ரியம்-90-இன் அரை ஆயுட்காலம் 64 மணி என்பதால், பிரித்தெடுத்த மாதிரி சமநிலையை எட்ட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

நிரம்பிய பொருளின் கதி

கவர்பொருள் கதிரியக்கத்தை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்துத் தன்னிடம் குவித்துக்கொள்கிறது. லிட்டருக்கு 1000 பெக்கரல் உள்ள 100 கன மீட்டர் நீரை 10 லிட்டர் படுகையில் செலுத்தி முடித்தால், படுகையின் ஒவ்வொரு லிட்டரும் நீரைப்போலப் பத்தாயிரம் மடங்கு கதிரியக்கம் ஏறியதாகிவிடும். எனவே முதல் சொட்டு நீர் பாய்வதற்கு முன்பே, தூணுக்கு எத்தகைய கவசம், அதை எப்படிக் கழற்றுவது, எங்கே வைப்பது என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். த்ரீ மைல் ஐலண்டில் கலன்களை எரிபொருள் குளத்து நீருக்கடியிலேயே நிறுத்தி இயக்கியது, அந்த நீரே கவசமாகும் என்பதற்காக. ஃபுகுஷிமாவில் 2011-இன் நெருக்கடியில் கட்டடங்களின் அடித்தளத்தில் ஜியோலைட் மூட்டைகளைப் போட்டார்கள். சீசியத்தை உறிஞ்சிய அந்த மூட்டைகளின் கதிர்வீச்சு மனிதர் நெருங்க முடியாத அளவுக்கு உயர்ந்ததால், அவற்றை மீட்க ஆளில்லாக் கருவிகள் தேவைப்பட்டன. அந்த வேளையில் வேறு வழியிருந்திருக்காது; திட்டமிட அவகாசம் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

சீசியம், ஸ்ட்ரான்சியம் ஏறிய பொருளை உப்புக்கரைசலால் கழுவி மீண்டும் பயன்படுத்த முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திடப்பொருளில் அடங்கியிருந்த மாசை மறுபடி திரவமாக்குவதே அதன் விளைவு. நீரை வடித்து, இயன்றவரை உலர்த்தி, கதிர்வீச்சால் எஞ்சிய நீர் பிளவுபட்டு உண்டாகும் ஹைட்ரஜன் வெளியேற வழியுள்ள கலனில் அடைக்க வேண்டும். பிறகு சிமெண்டிலோ கண்ணாடியிலோ உறையச் செய்வது பொறுப்பான கழிவு நிறுவனத்தின் வேலை. 30 ஆண்டு அரை ஆயுட்காலம் உள்ள சீசியம்-137 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் ஆகும். 8 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட அயோடின்-131 அதே அளவுக்குக் குறைய 80 நாள் போதும் என்பதால், அது மட்டுமே கலந்த நீருக்குக் கவர்பொருளைவிட மூடிய தொட்டியில் காத்திருக்க வைப்பதே பெரும்பாலும் நல்லது. ஒவ்வொரு கலனின்மீதும் கவர்பொருளின் பெயர், உலர் எடை, பிடித்த அணுக்களும் அவற்றின் அளவும், அளந்த நாள், மேற்பரப்புக் கதிர்வீச்சு வீதம் ஆகியவற்றை அழியாத மையால் எழுதி, அதே விவரங்களின் படியைத் தனிப் பதிவேட்டிலும் வைக்க வேண்டும்.