வீட்டு வாசலிலேயே பைக்குக்கு இன்ஜின் ஆயில் மாற்றலாம்: முதல்முறை செய்பவர்களுக்கு

பைக் ஓட்டுகிற நாலு பேர் டீக்கடையில் சேர்ந்துவிட்டால் பேச்சு மூன்று விஷயங்களைத்தான் சுற்றிவரும்: எந்த ஆயில் நல்லது, வழியில் எங்கே நிறுத்திக் குடிக்கலாம், எந்த மாதத்தில் வண்டி எடுத்தால் சுகம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் சீக்கிரமே சமாதானமாகிவிடுவார்கள். ஆயில் என்று வந்தால்தான் குரல் உயரும். அந்தச் சண்டையில் முக்கால்வாசி வீண் என்பது என் கட்சி. வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன தரத்தை, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் ஊற்றிவிட்டால் டப்பாவின் மேல் யார் பெயர் இருந்தாலும் இன்ஜின் கவலைப்படாது. அளவு தப்பினாலோ, ஆயில் வடிக்கும் அடிப்போல்ட்டின் மரை (திருகு வரிகள்) போனாலோதான் செலவு வைக்கும்.

உதாரணத்துக்கு ஹீரோ ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்கிறேன். 1994 முதல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. ஊருக்கு ஊர் பார்க்கலாம், அமைப்பும் எளிமையானது. உங்கள் வண்டி வேறாக இருந்தால் கையேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இலவச சர்வீஸ் காலம் முடியாத புது வண்டி என்றால் சர்வீஸ் நிலையத்திலேயே மாற்றிக்கொள்வது நல்லது. உத்தரவாதத்தில் சிக்கல் வராது.

1. சரியான ஆயிலை வாங்குங்கள்

ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30. ராயல் என்ஃபீல்டு 350க்கு 15டபிள்யூ-50. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். 10டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சோதனையைப் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில் செய்கிறார்கள்; 20டபிள்யூ என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 15. ஊட்டியில் உறைபனி விழும் விடியற்காலையில்கூட அந்தக் குளிர் கிடையாது. ஆகவே நம் ஊரில் முதல் எண்ணை வைத்து யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

"கத்திரி வெயில் வருகிறது, 20டபிள்யூ-50 ஊற்று" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள். பல கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு எந்த ஆயில் என்று ஒரு கட்டமே இருக்கும். நம் கோடையையும் கணக்கில் எடுத்துத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். ஆயிலைக் கெட்டியாக்கினால் சிறிய இன்ஜினுக்குச் சுமைதான் கூடும். காற்றில் குளிரும் இன்ஜினுக்கு மே மாத வெயிலைவிட, சிக்னலில் காற்றோட்டமின்றி உறுமிக்கொண்டு நிற்பதுதான் அதிகத் தொல்லை.

டப்பாவின் பின்புறத்தில் சிறு கட்டத்துக்குள் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் அதிலேயே ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இன்ஜின் இரைகிற அளவுக்கு வண்டி நகராது. எம்பி என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு.

2. சாமான்களை முதலிலேயே எடுத்துவையுங்கள்

போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், அகலமான பழைய பேஸின், புனல், கந்தைத் துணி, கையுறை, போல்ட்டுக்குப் புது வாஷர். வாஷர் சில ரூபாய்தான். பழையதையே திரும்பப் போட்டுவிட்டு அப்புறம் சொட்டுகிறது என்று புலம்ப வேண்டாம்.

3. இன்ஜினைச் சூடாக்குங்கள்

சூடான ஆயில் அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். மலை ஊரில் இருப்பவர்கள் தெருவை ஒரு சுற்று சுற்றி வரலாம். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு மட்டும் தொடாதீர்கள். அந்த ஆயில் கையைப் பொசுக்கிவிடும்.

4. வடித்தல்

சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். மேலே உள்ள, அளவுக் குச்சி பொருத்திய ஆயில் மூடியை முதலில் திறந்துவிடுங்கள். காற்று உள்ளே போனால்தான் ஆயில் தடையில்லாமல் இறங்கும். வடிகால் போல்ட் இன்ஜினின் அடிவயிற்றில் இருக்கும். எது என்பதைக் கையேட்டுப் படத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல்முறை செய்பவர்கள் குழம்பும் இடம் இதுதான். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கழலும். நீங்களோ வண்டியின் மேலிருந்து குனிந்து பார்க்கிறீர்கள். போல்ட்டின் தலை தரையைப் பார்க்கிறது. அப்போது திசை மாறித் தெரியும். தளர்த்துவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய் மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். சந்தேகமாக இருந்தால் தலையைத் தரையோடு தாழ்த்தி, போல்ட்டைப் பார்த்தபடியே திருகுங்கள்.

ஸ்பேனரால் தளர்த்திய பிறகு விரலால் சுற்றுங்கள். கடைசிச் சுற்றில் போல்ட்டைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட்டால் அது ஆயிலுக்குள் விழாது.

5. காத்திருங்கள், ஏதாவது குடியுங்கள்

முழுதும் சொட்டி முடிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் பழைய அழுக்கு உள்ளேயே தங்கும். கோடை என்றால் உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோரைத்தான் நான் சொல்வேன். வியர்வையில் போன உப்பு திரும்பக் கிடைக்கும். நன்னாரி சர்பத் கட்சியினர் மன்னிக்கவும். பனைமரங்கள் உள்ள ஊர்க்காரர்களுக்குப் பதநீர். அதற்குக் காலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுக்கு காபி. வேறு வகைப் பானங்களெல்லாம் வண்டியைப் பூட்டிச் சாவியை மாட்டிவிட்ட பிறகுதான்.

கையில் டம்ளரோடு பேஸினைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. ஆயில் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். வெயிலில் பிடித்தால் உலோகப் பொடி நிறைய மினுங்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. ஆயிலை வடித்து, தண்ணீர் வேறெங்கும் புகவில்லை என்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

6. போல்ட்டைத் திரும்பப் போடுங்கள்

இன்ஜின் உறை அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். போல்ட்டையும் துளையின் வாயையும் துடைத்து, புது வாஷரை மாட்டி, விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது. கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். முழுதும் உட்கார்ந்த பிறகு குட்டை ஸ்பேனரால், மணிக்கட்டின் பலத்தில் மட்டும் ஓர் இறுக்கு. ஸ்பேனரில் குழாய் சொருகி நீளமாக்குவது, காலால் மிதிப்பது எல்லாம் வேண்டாம். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் கையேட்டில் உள்ள எண்ணுக்கு இறுக்கலாம்.

ஸ்பிளெண்டரில் தனியாகக் காகித ஃபில்டர் கிடையாது. உள்ளே இருக்கும் சல்லடையைச் சுத்தம் செய்ய வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். முதல்முறையிலேயே அதில் கைவைக்காதீர்கள். ஃபில்டர் உள்ள வண்டி என்றால் கையேடு சொல்லும் இடைவெளியில் அதையும் மாற்றுங்கள்.

7. ஊற்றி, அளவு பாருங்கள்

கையேட்டில் இரண்டு அளவுகள் இருக்கும்: இன்ஜினை முழுதும் பிரித்துக் கட்டினால் ஒன்று, வெறுமனே வடித்து ஊற்றினால் ஒன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, சிறிய எண். கடையில் 900 மில்லி, 1 லிட்டர், 1.2 லிட்டர் என்று டப்பாக்கள் கிடைக்கின்றன. வாங்கிவிட்டோமே என்று முழுவதையும் கவிழ்க்காதீர்கள். அளவு மீறினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். மிஞ்சியது காற்று வடிகட்டிப் பெட்டி வரை ஏறிவிடும்.

முக்கால் பங்கு ஊற்றியதும் குச்சியைத் துடைத்து நுழைத்துப் பாருங்கள். ஸ்பிளெண்டரில் அளவு பார்க்கும்போது மூடியைத் திருகக் கூடாது. துளையின் மேல் சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி கூடுதல் ஆழத்துக்கு இறங்கி, ஆயில் அதிகம் இருப்பதாகக் காட்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல்கோட்டை ஒட்டி நின்றால் போதும். மூடியை இறுக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இன்னொரு இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி அளவு பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் சேருங்கள். அடிப்போல்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது.

8. பழைய ஆயில்

காலி டப்பாவில் ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. சட்டப்படி அது அபாயக் கழிவு. செயினுக்குத் தடவும் பழக்கமும் பலருக்கு உண்டு. அதில் கலந்திருக்கும் உலோகத் துகள் செயினைத்தான் அரிக்கும்.

கிலோமீட்டர் எண்ணையும் தேதியையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டு, அருகிலேயே ஒரு சுற்று ஓட்டி வந்து தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட பயணத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். தை, மாசி என்றால் எந்த நேரமும் சரி. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குள் திரும்பிவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.