ஆறு மணி நேர வேலை, பத்து நாள் டெலிவரி

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், பிறர் டிராயிங்படி பாகங்கள் செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “ஆறு மணி நேர வேலைதான் சார், நாளைக்கே கொடுத்துடலாம்.” நாங்களும் அப்படித்தான் வாக்குக் கொடுத்தோம். 20 புஷ் (நடுவில் துளையுள்ள உலோக உருளை). ஒன்றுக்கு 12 நிமிடம் என்று லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், 4 மணி நேரம். செட்டிங்குக்கு ஒன்று, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒன்று. திங்கள் காலை 10 மணிக்கு வந்த ஆர்டர், அடுத்த வாரம் வியாழன் காலை 10 மணிக்குத்தான் வண்டி ஏறியது. 240 மணி நேரத்தில் கை பட்டது 6 மணி நேரம், அதாவது 2.5 சதவீதம். மிச்சமெல்லாம் கடைய வேண்டிய உலோக ராடு வரவும், மெஷின் காலியாகவும், டிராயிங்கில் ஒரு அளவைக் கஸ்டமர் உறுதி செய்யவும் காத்திருந்த நேரம்.

விலை போட வேலை நேரம் வேண்டும். தேதி சொல்ல, ஆர்டர் வந்ததிலிருந்து வண்டி ஏறும் வரை கடிகாரத்தில் ஓடும் மொத்த நேரம் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைச் சொன்னால் வாக்குத் தவறும்.

பணத்தைத் தின்னும் தவறு வேறு. தாமதம் என்றதுமே வேகமான மெஷினுக்குக் கடன் வாங்கப் போகிறோம். கணினியில் ஓடும் புது சிஎன்சி லேத் அந்த 4 மணி நேரத்தைப் பாதியாக்கினாலும் 240ல் குறைவது 2 மணி நேரம்தான். ராடு இரண்டு நாள் முன்னால் வந்தால் 48 மணி நேரம் குறையும்.

பிளேட்டிங்குக்கு (உலோகப் பூச்சுக்கு) வெளியே அனுப்பியதும், “அது நம்ம கையில இல்லையே அண்ணா” என்று பையன்கள் கணக்கை நிறுத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையையும் கழித்துவிடுவார்கள். காத்திருக்கும் கஸ்டமருக்கு அவையும் நாள்தான். யாரிடம் நின்றது என்று தனியாகக் குறியுங்கள், கடிகாரத்தை நிறுத்த வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து 3 மணி நேரம் செய்தால் கூலிக் கணக்கில் 6, கடிகாரத்தில் 3. இதையும் குழப்புகிறார்கள். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதும் நேரத்தை நான் நம்புவதே இல்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரம் குறிக்கும் ஜாப் கார்டு மெஷின் பக்கத்துப் பலகையிலேயே தொங்கட்டும்.

சராசரியும் ஏமாற்றும். ஐந்து ஆர்டர்கள் 3, 3, 4, 4, 21 நாள் எடுத்தால் சராசரி 7. ஆனால் எந்த ஆர்டரும் 7 நாளில் போகவில்லை. அந்த 21 ஏன் என்று தேடுவதில்தான் பலன் இருக்கிறது.

1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்த விதி பட்டறைக்கும் பொருந்தும்: உள்ளே 30 ஆர்டர் இருந்து, நாளுக்கு 5 வெளியே போனால், ஓர் ஆர்டர் சராசரியாக 6 நாள் உள்ளே இருக்கும். ஆகவே இப்போது தேதி கேட்டு போன் வந்தால், பலகையில் தொங்கும் கார்டுகளை முதலில் எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.