மருந்துச் சோதனை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி

மருத்துவமனை தரப்பில் மருந்துச் சோதனை ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துவது என் வேலை. புதிதாக வரும் ஜூனியர்கள் நேரே இழப்பீட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களை உட்கார வைப்பது வரையறைப் பகுதியில். ‘ஆய்வு’ என்று அங்கே எதைச் சொல்லியிருக்கிறார்களோ, அதற்குத்தான் பிற்பாடு ஸ்பான்சர், அதாவது சோதனையை நடத்தச் சொல்லிச் செலவை ஏற்கும் நிறுவனம், பணம் கட்டும்.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், கிளினிக்கல் டிரையல் (மருந்துச் சோதனை) விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கல் டிரையல் என்பது, புதிய மருந்தின் பாதுகாப்பு, பலன், உடல் அதைத் தாங்கும் தன்மை ஆகியவற்றை அறிய மனிதர்களிடம் முறைப்படி நடத்தும் ஆய்வு என்கிறது விதி 2. ஒப்பந்தத்துக்கு இது மட்டும் போதாது. எந்த ஆய்வு என்று தெரிய ப்ரோட்டோகாலின், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்று எழுதிவைத்த திட்டத்தின், எண்ணும் பதிப்புத் தேதியும் வேண்டும்.

வரைவுகளில் இப்படி ஒரு வரி வரலாம்: “ஆய்வு என்பது ப்ரோட்டோகாலின்படி பங்கேற்பாளருக்கு ஆய்வு மருந்தைச் செலுத்துவது.” படிக்கச் சரியாகத்தான் இருக்கும். ஒரு நோயாளியை அதற்குள் நடக்க விட்டுப் பாருங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார். தகுதி பார்க்க பயாப்ஸிக்குத் திசு மாதிரி எடுத்தார்கள், ரத்தக்கசிவு. மருந்து ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. ஆகவே ஒப்பந்தப்படி ஆய்வே தொடங்கவில்லை! ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத போலி மருந்தான பிளாசிபோ பெற்றவருக்கும் இதே கதி. ஆய்வுக்கான செயல்முறைகளால் வரும் பாதிப்பையும் விதி 41 சேர்த்துக்கொள்கிறது. விதி 40 இலவச சிகிச்சை தரச் சொல்கிறது. சட்டம் நோயாளி பக்கம் இருந்தாலும், பில்லை யார் கட்டுவது என்று மருத்துவமனையும் ஸ்பான்சரும் மல்லுக்கட்டும்போது அலைக்கழிக்கப்படுவது அவர்தான். அதை நான் ஏற்கவே மாட்டேன்.

நான் மாற்றி எழுதுவது: “ஆய்வு என்பது இந்த எண்ணுள்ள ப்ரோட்டோகாலின்படியும் அதன் திருத்தங்களின்படியும், பங்கேற்பாளர் ஒப்புதல் அளித்தது முதல் கடைசித் தொடர் பரிசோதனை முடியும்வரை செய்யப்படும் அனைத்தும், தகுதிப் பரிசோதனைகள், பிளாசிபோ, ஒப்பீட்டு மருந்து உட்பட.”

‘திருத்தங்கள்’ என்ற இடத்தில் கவனம். நெறிமுறைக் குழு (ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டி) முன்கூட்டி அனுமதித்தவை மட்டும் என்று சுருக்கிவிடுவார்கள். நோயாளிக்கு உடனடி ஆபத்து வந்தால் டாக்டர் அனுமதிக்குக் காத்திராமல் ப்ரோட்டோகாலிலிருந்து விலகலாம்; விதிகளே அதற்கு இடம் தருகின்றன. அந்த விலகலையும் சேர்த்து எழுதுங்கள். ஆய்வு முடிந்தபின் தெரியவரும் பாதிப்புக்கும் இழப்பீடு உண்டு என்பதை இழப்பீட்டுப் பிரிவில் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவக் கருவி என்றால் 2017-இன் மருத்துவக் கருவிகள் விதிகளைப் பாருங்கள். மருந்துக்கான வரையறையை அப்படியே ஒட்டாதீர்கள்.

கடைசியாக, ஸ்பான்சரின் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் மட்டும் போதாது. பாலிசியில் உள்ள ப்ரோட்டோகால் எண், ஆய்வின் வரையறை, காலம் மூன்றும் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால், திருத்தி வரும்வரை கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள்.