பச்சை டிக்கை நம்பாதீர்கள்: சிறு நிறுவன பேக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஒரு சிறிய அலுவலகத்தில், வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் பேக்கப் அமைத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினார், ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தார், தினமும் இரவு 11 மணிக்கு ஓடும்படி நேரம் குறித்தார். ஒருமுறை ஓட்டியும் பார்த்தார். பச்சை டிக் வந்தது. "முடிஞ்சுது அண்ணா" என்று பையை எடுத்தார்.

12 வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள் என்று இங்கே யாருக்கும் சொல்லப்போவதில்லை. எடுத்து வைத்திருந்தும் டேட்டாவைப் பறிகொடுக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்

எட்டு பேர் வேலை பார்த்த நிறுவனம் அது. பில், கணக்கு எல்லாம் ஒரே கணினியில். பேக்கப்பை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். தினமும் காலையில் "பேக்கப் வெற்றி" என்று எனக்கு மெயில் வரும். கொஞ்ச நாள் கழித்து அவர்கள் புதுக் கணினி வாங்கினார்கள். கணக்கு மென்பொருளை வேறொருவர் வந்து அதற்கு மாற்றிக் கொடுத்தார். பழைய கணினியைத் தூக்கிப் போடவில்லை. பிரிண்டருக்காக ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. என் பேக்கப்பும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

14 மாதம் கழித்துப் புதுக் கணினியின் டிஸ்க் செத்தது. நான் எந்தப் பதற்றமும் இல்லாமல் போனேன். பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப ஏற்றும் ரீஸ்டோர் அரை மணி நேரத்தில் முடிந்தது. பில் பட்டியலைத் திறந்தேன். கடைசி பில்லின் தேதி 14 மாதம் பழையது. வரிசைதான் மாறியிருக்கிறது என்று நினைத்து, தேதி என்ற தலைப்பை மறுபடி கிளிக் செய்தேன். பட்டியல் தலைகீழானது, தேதி மாறவில்லை. பின்னால் நின்றிருந்த முதலாளி மெதுவாகச் சொன்னார்: "பழசெல்லாம் இருக்கட்டும் சார், போன மாசத்தை மட்டுமாவது எடுத்துக் குடுங்க."

எடுக்க முடியவில்லை. டேட்டா மீட்கும் லேபிலும் கைவிரித்துவிட்டார்கள், டிஸ்க்குக்குள் டேட்டா பதிந்திருக்கும் தகடு கீறியிருந்தது. அச்சடித்த பில் நகல்களை வைத்து இரண்டு பேர் ஏழு வாரம் உட்கார்ந்து திரும்ப அடித்தார்கள். நகல் கிடைக்காத பாக்கிகள் அப்படியே போயின.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்: பச்சை டிக் பொய் சொல்லவில்லை. நான் காட்டிய ஃபோல்டரை அது தினமும் ஒழுங்காகப் பார்த்தது. மெயிலின் நான்காவது வரியில் "மாறிய கோப்புகள்: 0" என்று எழுதியும் அனுப்பியது. நானூறுக்கும் மேற்பட்ட மெயில்கள். தலைப்பில் "வெற்றி" என்று இருந்ததால் ஒன்றையும் நான் திறக்கவில்லை.

இது சிறிய இடங்களில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். பேக்கப் வேலையில் இருக்கிற யாரும் அதைப் படிக்க வேண்டும்.

நான் இப்போது செய்வது இது. மாதம் ஒருமுறை, அந்த அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வேன். பழைய கணினி எரிந்துபோனதாகவே வைத்துக்கொண்டு, பேக்கப்பிலிருந்து கணக்கு டேட்டாவை அதில் ஏற்றுவேன். ஃபோல்டர் வந்துவிட்டது என்பதோடு நிறுத்துவதில்லை. மென்பொருளில் திறந்து, நேற்று அச்சடித்த கடைசி பில்லைக் கையில் வாங்கி, எண்ணும் தொகையும் திரையில் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். போன மாதம் அழித்த ஒரு கோப்பையும் கேட்டு எடுத்துப் பார்ப்பேன். இப்படி உட்காரும்போதுதான் மென்பொருளின் இன்ஸ்டால் கோப்பு இல்லை, லைசென்ஸ் எண் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை என்பதெல்லாம் வெளியே வரும்.

கடிகாரத்தையும் பாருங்கள். பேக்கப் கிளவுடில் மட்டும் இருந்தால், 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு டெராபைட்டை இறக்க 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிட்டத்தட்ட இரண்டு நாள் பில் போடாமல் இருக்க முடியுமா என்று முதலாளியிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மென்பொருள் ஓடும்போதே ஃபோல்டரை நகலெடுப்பது

அந்தத் தம்பியைப் பையை இறக்கச் சொல்லி, அவர் எடுத்த பேக்கப்பை என் லேப்டாப்பில் திறந்தோம். திறக்கவில்லை, டேட்டா பழுது என்று வந்தது. அவர் நகலெடுத்த நேரத்தில் இரண்டு பேர் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். டேட்டாபேஸ் கோப்பின் முன்பாதி ஒரு நிலையிலும் பின்பாதி இன்னொரு நிலையிலும் வந்து சேர்ந்திருக்கிறது. மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் வசதி இருந்தால் அதைத்தான் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு நகலெடுங்கள்.

சிங்க் என்பது பேக்கப் ஆகாது

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை உங்கள் ஃபோல்டரின் கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகிவிடும். ஒரு ஃபோல்டர் காணாமல் போனது வருஷக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியவரும் என்றால் அந்த 30 நாள் எந்த மூலைக்கு?

ரெய்டும் ஆகாது

ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதி வைக்கும் அமைப்புதான் ரெய்டு. ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். கை தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்தால், கணினியில் எழுத முடிகிற இடம் அத்தனையையும் பூட்டும். செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கும் அதில் அடக்கம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் யார் நெட்வொர்க்கில் நுழையலாம் என்று சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் கணினிகள் உலகம் முழுக்க அழிந்தன. கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போய், அந்தக் கணினி நெட்வொர்க்கில் இல்லாமல் இருந்ததுதான் காரணம்.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒன்றாக மாற்றுங்கள். பேக்கப் முடிந்ததும் கழற்றுங்கள். கழற்றியது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். தீக்கும் திருட்டுக்கும் அலுவலக மேஜை டிராயர் பாதுகாப்பு இல்லை.

பூட்டிய பேக்கப்பின் பாஸ்வேர்ட்

அதே கணினிக்குள் வைக்காதீர்கள். காகிதத்தில், வேறு இடத்தில்.

டிஸ்க் போன முதல் பத்து நிமிடம்

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்னொரு தடவை ஆன் செய்து பார்ப்போம் என்ற ஆசைதான் தகட்டைக் கீறுகிறது. கோப்பைத் தவறி அழித்துவிட்டால், மீட்கும் மென்பொருளை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அழிந்த கோப்பு இருந்த இடத்திலேயே அது உட்காரலாம். சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி டிரைவாக இருந்தால் டிரிம் என்ற வேலை அழித்த இடத்தைப் பின்னணியில் சுத்தம் செய்துவிடும், அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் செருகாதீர்கள். பதற்றத்தில் ரீஸ்டோருக்குப் பதில் பேக்கப் பட்டனை அழுத்தி, காலி ஃபோல்டரை நல்ல பேக்கப்பின் மேலேயே எழுதிவிட்டவர்களை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். சுத்தமான வேறு கணினியில் செருகி, முதலில் பேக்கப்புக்கே ஒரு நகல் எடுங்கள். ரீஸ்டோரை அந்த நகலிலிருந்து தொடங்குங்கள்.